ஆற்றைத் தாண்டினால் ஒரு டிரெய்லர்தான்

கண்ணாடியில் நீல விளக்கு சுழல்வதைக் கண்டதும் லோர்னா தன் கணவன் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் ஏதாவது சொல்லிவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும். காலையிலேயே கிளம்பியிருக்க வேண்டியவர்கள். கோர்டி கயிற்றைக் கட்டுவதும் அவிழ்ப்பதும், விறகை ஏற்றுவதும் இறக்குவதுமாக நேரத்தைத் தின்று, சாண்ட்பாயிண்ட் ஏரிப் பாலத்தைத் தாண்டும்போதே மதியம் சரிந்துவிட்டது.

"வேகமா வந்தியா?" என்று மட்டும் கேட்டாள்.

"இத்தனையையும் கட்டி இழுத்துக்கிட்டு எங்கேயிருந்து வேகம்? லாரிக்காரன் எல்லாம் என்னைப் பாத்து ஹார்ன் அடிச்சுட்டுப் போறான்" என்றபடி கோர்டி சாலை ஓரத்தில் வண்டியை ஒதுக்கினான். ஒதுக்கி முடிக்கவே சற்று நேரம் பிடித்தது. முன்னால் பிக்கப் வண்டி. அதன் முதுகில் ஏறி உட்கார்ந்ததுபோல் நீளமான கேரவன். கேரவனின் வாலில், இரண்டு சக்கரத்தின் மேல், கரிய இரும்புப் பீப்பாயும் புகைபோக்கியுமாகக் கோர்டியின் புகையடுப்பு.

மறுநாள் மதியம் லோர்னாவின் மகள் ப்ரின்னுக்குக் கல்யாணம். அவர்கள் வசிக்கும் ஐடஹோவின் எல்லை ஆற்றுக்கு அந்தப் பக்கம், வாஷிங்டன் மாநிலத்தில், வில்பர் ஊருக்கு வெளியே மாப்பிள்ளை நோலனின் கோதுமைப் பண்ணையில். கேரவனுக்குள் கல்யாண கவுன் தொங்கிக்கொண்டிருந்தது. காலையில் முடி அலங்கரிக்கிற பெண்கள் வந்து மணப்பெண்ணுக்கு உடுத்திவிடப்போவதும் அந்தக் கேரவனில்தான். குளிர்பெட்டி நிறைய மாட்டு நெஞ்சுக்கறி. அதை இரவெல்லாம் புகையில் வேகவைத்து ஊர் முழுவதற்கும் பரிமாறுவதாகக் கோர்டி வாக்குக் கொடுத்திருந்தான். ப்ரின்னுக்கு அவன் பெற்ற தகப்பன் இல்லை. ஆனாலும் அவளை மணமேடை வரை கைப்பிடித்து நடத்திக் கூட்டிவரப் போகிறவன் அவன்தான். அதற்காக வீட்டுக் கூடத்தில் ஒத்திகை பார்த்ததை லோர்னா கதவிடுக்கில் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் போயிருந்தாள்.

போலீஸ் காரிலிருந்து இறங்கி வந்தது ஓர் இளம் பெண். ஜன்னலருகே குனிந்தாள்.

"சார், பின்னாடி அந்த அடுப்போட இடது பக்க லைட் எரியல."

"அவ்வளவுதானா?" கோர்டி மூச்சை விட்டான். "ஏறும்போது பாத்தேன், எரிஞ்சுது. நீளத்தையும் பாத்துக்குங்க மேடம். எழுபத்தஞ்சு அடிக்குள்ளதான். நானே டேப் வச்சு அளந்தேன்."

அந்தப் பெண் கடைசி வரை நடந்துபோய்த் திரும்பி வந்தாள். "நல்லாவே அளந்திருக்கீங்க. சங்கிலியும் ஒழுங்கா மாட்டியிருக்கு. எங்க போறீங்க?"

"வில்பர். பொண்ணுக்குக் கல்யாணம்."

"வாழ்த்துகள். ஆனா அங்க இப்படியே போக முடியாதே சார்."

"ஏன், லைட்டா? அதைச் சரி பண்ணிடறேன்."

"லைட் இல்ல. நம்ம ஐடஹோவுல நீளம் எழுபத்தஞ்சு அடிக்குள்ள இருந்தா கேரவனுக்குப் பின்னாடி இன்னொண்ணு இழுக்கலாம். வாஷிங்டன்ல அளந்து பாக்க மாட்டாங்க, எண்ணித்தான் பாப்பாங்க. வண்டி ஒண்ணு, பின்னாடி டிரெய்லர் ஒண்ணு. ரெண்டாவது டிரெய்லருக்கு இடமே இல்ல."

கோர்டி சிரித்தான். வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது. "எங்க ஊர் ஆளுங்க படகையும் சேர்த்துக் கட்டிக்கிட்டு வாஷிங்டனுக்குள்ள மோசஸ் லேக் வரைக்கும் போயிட்டு வர்றாங்களே!"

"போவாங்க. மாட்டாத வரைக்கும் எல்லாரும் போவாங்க. மாட்டினா ரோட்டோரத்துலயே கழட்டி விடச் சொல்லுவாங்க. அபராதம் தனி. வழியில யார் மேலயாவது இடிச்சு வச்சா இன்ஷூரன்ஸ்காரன் முதல்ல இதைத்தான் கேப்பான்." கொஞ்சம் இரக்கத்தோடு சேர்த்துச் சொன்னாள்: "இங்கேர்ந்து ஆத்துப் பாலம் வரைக்கும் நீங்க சட்டப்படிதான் போறீங்க சார். பாலத்துக்கிட்டதான் மாநில எல்லை, அங்கேர்ந்துதான் பிரச்சனை. அதுக்கு முன்னாடி போஸ்ட் ஃபால்ஸ்ல இறங்கினா பெரிய பெட்ரோல் பங்க் இருக்கு. அங்க நிறுத்தி யோசிங்க."

அபராதம் எழுதாமல், எச்சரித்துவிட்டுப் போய்விட்டாள்.

பெட்ரோல் பங்கின் பின்பக்கத் திடலில் நிறுத்தியதும் லோர்னாவால் வாயைக் கட்ட முடியவில்லை.

"போன வாரமே கேட்டேனே, சட்டமெல்லாம் பாத்துட்டியான்னு."

"பாத்தேன்னு சொன்னேன். பாத்தேன்தான்."

"எந்த மாநிலத்துச் சட்டம்?"

கோர்டி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "நம்ம மாநிலத்துது. வீட்டுலேர்ந்துதானே கிளம்புறோம்!"

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டாள். கோர்டி போனை எடுத்து ஆள் தேடத் தொடங்கினான். அவன் சித்தப்பா மகன் மலைக்குப் போயிருந்தான். அங்கே போன் எடுக்காது. கூட வேலை பார்ப்பவர்கள் எல்லாரும் வேலையில். வாடகைக்கு வண்டி விடுகிற இடத்தில் வெள்ளிக்கிழமை மதியம் இழுவைக் கொக்கி வைத்த வண்டி ஒன்றுகூட மிச்சமில்லை என்றார்கள்.

"ஒண்ணை இங்க விட்டுட்டுப் போய், அதை இறக்கிட்டு வந்து இதை எடுத்துட்டுப் போனா?" என்றாள் லோர்னா.

"கேரவனை முதல்ல கொண்டுபோனா, போய் வந்து மறுபடி போறதுக்குள்ள இருட்டிடும். அதுக்கப்புறம் அடுப்பு பத்தி, சூடு நின்னு, கறியை உள்ள வைக்கணும். நாளைக்கு மதியத்துக்கு வேகாது. மெல்ல முடியாத கறியைப் போட்டு அனுப்பினா, கல்யாணம் முறியுதோ இல்லையோ, பல்லு முறியும்." கோர்டி அடுப்பின் பீப்பாயை மாட்டைத் தட்டுவதுபோல் தட்டினான். "அடுப்பை முதல்ல கொண்டுபோனா, நெருப்பை விட்டுட்டு நான் திரும்பி வர முடியாது; கேரவன் வராம உன் பொண்ணு உடுத்திக்க இடமில்லாம நிப்பா. அப்படியே பாலத்தைத் தாண்டிடுவோமா? என்ன ஆயிடப் போகுது?"

"அந்தப் பொண்ணு அவ்வளவு சொல்லிட்டுப் போன பிறகா?"

அவன் வண்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அவனுக்கும் மனசு வரவில்லை என்பது தெரிந்தது.

லோர்னாவுக்கு ஒரு பெயர் ஞாபகத்துக்கு வந்து வெகுநேரம் ஆகியிருந்தது. அதைச் சொல்லத்தான் நாக்கு எழவில்லை. வேட் டாலிவர். ப்ரின்னைப் பெற்றவன். ஆற்றுக்கு அந்தக் கரையில், ஸ்போகேன் வேலி என்ற ஊரில் இருந்தான். தோட்டங்களுக்கு நீர் இறைக்கிற பம்புகளைப் பழுது பார்ப்பவன். அவனிடம் கொக்கி வைத்த பிக்கப் இல்லாமல் இருக்காது. ப்ரின் பள்ளியில் படிக்கும்போது இருவரும் பிரிந்தார்கள். அந்த நாட்களில் அவன் குடித்தான். பிறகு விட்டுவிட்டான் என்று கேள்வி. அதற்குள் பேச்சே நின்றுபோயிருந்தது. மகளின் பட்டமளிப்புக்கு அவன் வரவில்லை. அதை ப்ரின் ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை. கல்யாணத்துக்கு அவள் அழைப்பு அனுப்பியிருந்தாள். வருகிறேன் என்றும் இல்லை, வரவில்லை என்றும் இல்லை. "அது அவர் இஷ்டம்மா" என்று ப்ரின் சொல்லுவாள். சொல்லிவிட்டுப் போனை ஒருமுறை பார்த்துக்கொள்வாள்.

"வேட்கிட்ட கேக்கட்டுமா?" என்றாள் லோர்னா.

கோர்டி அவளை வெறித்தான். "எந்த வேட்?"

"எத்தனை வேட் எனக்குத் தெரியும்?"

அவன் அடுப்பைப் பார்த்தான், சாலையைப் பார்த்தான், மறுபடி அடுப்பைப் பார்த்தான். "கூப்பிடு" என்றான் கடைசியில். "ஆனா என் அடுப்பைத் தனியா அவர்கிட்ட விட மாட்டேன். சொல்லிட்டேன்."

லோர்னா கேரவனுக்குப் பின்னால் போய் நின்று பேசினாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான்.

"வேட், லோர்னா பேசறேன்."

அவன் உடனே கேட்டான்: "ப்ரின்னுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. அவ நல்லா இருக்கா." தான் போன் செய்தால் அவனுக்கு முதலில் தோன்றுவது இதுதான் என்பது அவளை என்னவோ செய்தது. வேகவேகமாக விஷயத்தைச் சொன்னாள். போலீஸ்காரி, பாலம், ரெண்டு டிரெய்லர், வேகாத கறி. சொல்லச் சொல்ல அது பைத்தியக்காரத்தனமாக ஒலித்தது. "உன்னால முடியாதுன்னா பரவாயில்ல. வேற யாரையாவது..."

"எந்த பெட்ரோல் பங்க்?" என்றான் வேட்.

அரை மணி நேரத்துக்குள் வந்துவிட்டான். பழைய பச்சைப் பிக்கப், அவனும் லோர்னாவும் கல்யாணமான புதிதில் வாங்கியது, இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அன்று காலைதான் கழுவியதுபோல் பளபளவென்று இருந்தது. வேட் இளைத்திருந்தான். காதோரம் நரைத்திருந்தது. லோர்னாவைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நேரே கோர்டியிடம் போய்க் கையை நீட்டினான்.

"வேட்."

"கோர்டி. வந்ததுக்கு நன்றிங்க."

"பரவாயில்லைங்க."

நல்லவேளையாக வேலை இருந்தது. வேட்டின் கொக்கியில் இருந்த இரும்புக் குண்டு சின்னது; அடுப்பு டிரெய்லரின் வாய் பெரியது.

"உக்காந்த மாதிரிதான் இருக்கும், முதல் பள்ளத்துலயே துள்ளிக் கழண்டுடும்" என்றான் கோர்டி.

"தெரியும்ங்க. இப்படியே மாட்டப் போறதில்ல. உங்க கேரவன் பின்னாடி இருக்கிற தண்டையே உருவி இதுல சொருகிட்டா?"

கோர்டி ஒரு கணம் யோசித்தான். அடுப்பைக் கேரவனிலிருந்து விடுவித்து, தண்டைப் பூட்டியிருந்த ஊசியைக் கழற்றி, குண்டோடு சேர்ந்த இரும்புத் தண்டை உருவி எடுத்து, வேட்டின் வண்டியில் சொருகினான். கச்சிதமாக உட்கார்ந்தது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்று அடுப்பை நகர்த்திக் குண்டின் மேல் இறக்கினார்கள். சங்கிலிகளைக் குறுக்காகப் போட்டு மாட்டினார்கள். வேட் மண்ணில் மல்லாந்து படுத்து, எரியாத விளக்கின் வயரைப் பிடித்துப் பார்த்தான். துரு ஏறியிருந்த முனையை உப்புத்தாளால் தேய்த்துத் திருகினான்.

"மிதிங்க பிரேக்கை" என்று கத்தினான்.

லோர்னா மிதித்தாள். இரண்டு பக்கமும் சிவப்பாக எரிந்தது.

வேட் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தான். அப்போதுதான் கோர்டி லோர்னாவின் தலையில் கல்லைப் போட்டான். "நான் அடுப்போட வர்றேன். உங்க வண்டியில உக்காந்துக்கறேன். லோர்னா கேரவனை ஓட்டட்டும்."

"நானா? ஸ்போகேன் நடுவுலயா?"

"மொன்டானாவுல ஓட்டினியே."

"மொன்டானாவுல எதிர்ல மாடுதான் வந்துது!"

"மாடு ஒதுங்கல. மனுஷன் ஒதுங்குவான். போ."

வேட்டின் வண்டியில் ஏறக் கோர்டி கதவைத் திறந்தபோது லோர்னா உள்ளே பார்த்தாள். பின்சீட்டில், சலவைக்கடைப் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு வெள்ளைச் சட்டையும் கோட்டும் மாட்டியிருந்தன. வேட் அவள் பார்ப்பதைப் பார்த்தான். கதவைச் சாத்தினான்.

ஆற்றுப் பாலத்தை அவள் முன்னால் தாண்டினாள். பின்னால் பச்சை வண்டியும் கரிய அடுப்பும். இரண்டு வண்டிக்கும் ஆளுக்கொரு டிரெய்லர், இம்மி பிசகாமல் சட்டப்படி. அடுத்த வளைவில் வாஷிங்டன் போலீஸ் கார் ஒன்று மரநிழலில் நின்றது. உள்ளே இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. லோர்னா அப்போதும் வேகத்தைக் குறைத்தாள்.

ஸ்போகேனைக் கடந்த விதம் அவளுக்கே பிறகு ஞாபகம் இல்லை. வலதுபுறத் தடத்தை விடாமல், பல்லைக் கடித்தபடி, முந்திப் போகிறவர்களையெல்லாம் போகவிட்டு, விமான நிலையம் பக்கம் வந்து மேற்குச் சாலையில் திரும்பியபோதுதான் தோள் இறங்கியது. ஆனால் அந்த நிம்மதி நிலைக்கவில்லை. ஓட்டுவது சுலபமானதும் கண் கண்ணாடிக்கே போனது. பின்னால் அந்த இரண்டு பேரும் என்ன பேசுகிறார்கள்? கோர்டியின் கை ஆடியது. வேட் தலையாட்டினான். பிறகு யாரும் அசையவில்லை. கோர்டிக்குக் கோபம் வந்தால் பேசமாட்டான். வேட்டுக்குக் கோபம் வந்தால் பேசியே கொன்றுவிடுவான். எது நடக்கிறது என்று தெரியவில்லை. அறுவடை முடிந்த கோதுமை வயல்கள் இரண்டு பக்கமும் வெளிறிக் கிடந்தன. ரியர்டன் என்ற சிற்றூரைத் தாண்டினார்கள்.

டேவன்போர்ட்டுக்குக் கொஞ்சம் முன்னால் கண்ணாடியிலிருந்து பச்சை வண்டி காணாமல் போனது.

அகலமான ஓரம் கிடைத்ததும் நிறுத்திவிட்டு, சரளைக் கல்லில் பின்னால் நடந்தாள். மேட்டைத் தாண்டியதும் தெரிந்தது. வண்டி ஓரமாக நின்றது. இருவரும் வெளியே நின்றிருந்தார்கள். அடிதடி இல்லை. வேட் அடுப்பின் சக்கர மூடி மேல் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோர்டி எதிரில் இடுப்பில் கைவைத்து நின்றான்.

"என்ன ஆச்சு?"

"டயரெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றான் கோர்டி. "டிரைவர்தான் பஞ்சர்."

வேட் நிமிரவில்லை. "நீங்க ஓட்டிட்டுப் போங்க. நான் டேவன்போர்ட்ல இறங்கி எதாவது ஓட்டல்ல தங்கிக்கறேன். ஞாயித்துக்கிழமை வண்டியை எடுத்துக்கறேன்."

"சட்டை கோட்டெல்லாம் எடுத்துக்கிட்டு வந்துட்டு?" என்றாள் லோர்னா.

"பட்டமளிப்பு அன்னைக்கும் கோட்டு மாட்டிக்கிட்டுத்தான் வந்தேன்." வேட் கையைப் பிசைந்தான். "கார்லயே உக்காந்திருந்தேன். உள்ள போனா எங்க உக்காரணும்னு தெரியல. யார் பக்கத்துல? எல்லாரும் திரும்பிப் பாப்பாங்களேன்னு... கூட்டம் கலையுற வரைக்கும் உக்காந்துட்டுத் திரும்பிப் போயிட்டேன். அழைப்பு வந்ததும் அதே யோசனைதான். பதில் போட உக்காருவேன், எழுந்துடுவேன்."

இத்தனை வருஷம் அவன் எல்லாவற்றையும் மறந்துவிட்டான் என்றே லோர்னா நினைத்திருந்தாள். தோளில் கைவைக்கலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. வைக்கவில்லை.

கோர்டிதான் பேசினான். "நானும் ஒண்ணைத்தான் திரும்பத் திரும்பச் சொல்றேன். என்னால இந்த வண்டியை ஓட்ட முடியாது. கியர் போட்டு ஓட்டுற வண்டி எனக்கு வராது. எங்கப்பா கத்துக்கொடுக்க வந்து, மூணாவது நாள் வண்டியைத் தூக்கிக் கொண்டுபோய் மாட்டுக்கொட்டகையில விட்டேன். அதோட சரி. நீங்க ஓட்டலைன்னா இந்த அடுப்பு இங்கதான். கறி கெட்டுப்போகும். நூறு பேர் பட்டினி."

வேட் மெல்லத் தலையைத் தூக்கி லோர்னாவைப் பார்த்தான். அவளுக்கு ஓட்டத் தெரியும். அதே பச்சை வண்டியில், அவன்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தான். அவள் ஓட்டினால் கேரவனைக் கோர்டி எடுத்துக்கொள்வான். வேலை முடிந்தது.

"என்னைப் பாக்காதே" என்றாள் லோர்னா. "எனக்கு எப்பவோ மறந்துபோச்சு."

வேட்டுக்கு அது பொய் என்று தெரியும். தெரிந்துதான் அவள் சொன்னாள். ஒரு கோதுமை லாரி அவர்களை ஆட்டிவிட்டுப் போனது. பிறகு வேட் எழுந்து, கால்சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, "ஏறுங்க" என்று கோர்டியிடம் சொன்னான்.

"ஒரு டீயாவது குடிச்சுட்டு..."

"ஏறுங்கன்னா! யோசிச்சா மறுபடி உக்காந்துடுவேன்."

வில்பரின் தானியக் கிடங்குகள் தூரத்தில் தெரிந்தபோது வெயில் தணிந்திருந்தது. பண்ணை வாசலில் வண்டியை வளைத்து நிறுத்தி, லோர்னா இறங்கி நின்றாள். பின்னால் பச்சை வண்டி வந்து நின்றது. கதவு திறப்பதற்கு முன்பே கோர்டியின் குரல் கேட்டது.

"யோவ், நான் சொல்றேன் கேளு, ஆப்பிள் விறகுதான். நீ சொல்ற செர்ரி விறகெல்லாம் பன்னிக்கறிக்குச் சரி. மாட்டுக்கறிக்குப் போட்டா மருந்து மாதிரி இருக்கும்."

"நீ சமைச்சதில்ல, அதான் பேசற" என்றான் வேட்.

போஸ்ட் ஃபால்ஸில் 'நீங்க' என்று ஏறியவர்கள் வில்பரில் 'நீ' என்று இறங்குகிறார்கள். லோர்னா வண்டியின் மேல் சாய்ந்துகொண்டாள்.

மடக்கு நாற்காலிகளைக் கையில் அடுக்கிக்கொண்டு ப்ரின் களஞ்சியத்திலிருந்து வந்தாள். "ஏம்மா இவ்வளவு நேரம்? போனையும் எடுக்கல..." என்று தொடங்கியவள், வேட்டைப் பார்த்ததும் நின்றாள். நாற்காலிகளைக் கீழே வைத்தாள்.

வேட் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டான். "அடுப்பைக் கொண்டு வந்தேன்."

"தெரியுது."

"வாஷிங்டன்ல ரெண்டு இழுக்கக் கூடாதாம். அதான்..."

"பதிலே போடலியே அப்பா."

"போடல. தப்புதான்."

ப்ரின் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு நேரே வந்து அவன் மார்பில் நெற்றியை முட்டினாள், சின்ன வயதில் முட்டுவதுபோல. "உனக்கு நாற்காலி போட்டாச்சு. நீ வர மாட்டே, வேண்டாம்னு நோலனோட அம்மா சொன்னாங்க. காலியா இருந்தா இருக்கட்டும்னு நான்தான் போட்டேன். முன் வரிசை. அம்மாவுக்கு ஒரு ஆள் தள்ளி நீ."

"முன் வரிசையா?"

"ஓரத்துலதான். பயப்படாதே."

லோர்னா கோர்டியைப் பார்த்தாள். அவன் அடுப்பின் கதவைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றான். ஒருமுறை தொண்டையைச் செருமினான்.

"ப்ரின், நாளைக்கு உன்னைக் கூட்டிட்டு நடக்கிறது... அவர்தான் வந்துட்டாரே. நான் ஒதுங்கிக்கறேன். எனக்குக் கறி வெட்டற வேலை வேற இருக்கு."

சொல்லும்போது அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. வழியெல்லாம் அவன் மனசில் இருந்தது செர்ரி விறகு அல்ல, இதுதான்.

"கோர்டி, உளறாதே" என்றாள் ப்ரின். "கூடத்துல நீ நடந்து பழகினதை அம்மா சொன்னாங்க. நீதான் என்கூட நடக்கறே. இடது காலை முதல்ல வை."

"நீ பாத்தியா?" என்று கோர்டி லோர்னாவைப் பார்த்து முறைத்தான். காது சிவந்துவிட்டது.

எல்லாரும் வேட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். வேட் நெஞ்சில் கைவைத்து, வாயால் ஊதினான்.

"அப்பாடா! நான் நடக்கணும்னு சொல்லிடுவாளோன்னு வழியெல்லாம் உயிரே போச்சு. ஆள் பாக்கும்போது எனக்குக் கால் பின்னிக்கும். நாற்காலி போதும். நாற்காலி ரொம்பப் போதும்."

அதற்குப் பிறகு அழுதவள் லோர்னா மட்டும்தான். கேரவனுக்குள் போய், கவுன் கசங்கவில்லையா என்று பார்க்கிற சாக்கில், முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டு கொஞ்சநேரம் அழுதாள். துக்கம் ஒன்றும் இல்லை. காலையிலிருந்து, ஒருவேளை வருஷக்கணக்கில், இறுக்கிப் பிடித்திருந்த ஏதோ ஒன்று கழன்றது. வெளியே வந்தபோது புகைபோக்கியிலிருந்து முதல் புகை கிளம்பியிருந்தது. ஆப்பிள் விறகா செர்ரி விறகா என்ற சண்டை தீரவில்லை. நோலன் வந்து சமாதானம் பேசப்போய் அவனும் ஒரு கட்சியில் சேர்ந்துவிட்டான்.

மறுநாள் கல்யாணம் நன்றாகவே நடந்தது. கோர்டி வலது காலைத்தான் முதலில் வைத்தான். யாருக்கும் தெரியவில்லை. வேட் தன் நாற்காலியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் திரும்பிப் பார்த்தவர்கள் மணப்பெண்ணைத்தான் பார்த்தார்கள், அவனையல்ல. பாதியில் அவனுக்கும் அது புரிந்திருக்க வேண்டும். கால் மேல் கால் போட்டுக்கொண்டான்.

சாப்பாட்டு நேரத்தில் கறி தட்டில் விழும்போதே இழை இழையாகப் பிரிந்தது. மாப்பிள்ளையின் தகப்பன் எமில், காது சற்று மந்தம், தட்டோடு அடுப்பருகே வந்து நின்று கோர்டியையும் வேட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்க ரெண்டு பேர்ல பொண்ணோட அப்பா யாரு? எனக்கு யாரும் ஒழுங்கா சொல்லவே இல்ல."

கத்தியை நிறுத்தாமல் கோர்டி சொன்னான்: "எங்க ஊர்ல ரெண்டு பேரும்தாங்க. உங்க மாநிலத்துலதான் ஒண்ணுக்கு மேல கூடாதுங்கறாங்க."

எமிலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வேட் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தட்டு சாய்ந்து சாறு சட்டையில் கொட்டியது. லோர்னா காகிதக் கைக்குட்டையை எடுத்து அவனிடம் நீட்டிவிட்டு, தன் தட்டைக் கோர்டியின் முன் இரண்டாம் முறையாக நீட்டினாள். நேற்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிட்டிருக்கவே இல்லை.